நெகாரா: தமிழ்நாடு

2026 ஏப்ரல் 7, செவ்வாய்.

இன்றைய பிழை: போன மாதம் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தபோது வாசு அண்ணனின் ஊர் முகவரியை மலாயில் தப்பாகச் சொல்லிவிட்டேன். ‘நெகாரா’ என்று கேட்ட இடத்தில் தமிழ்நாடு என்றேன். நெகாரா என்றால் நாடு. தமிழ்நாடு நாடு அல்ல, மாநிலம். அதனால் மாநிலம் இருக்க வேண்டிய ‘நெகிரி’யில் விழுப்புரம் போய் உட்கார்ந்துகொண்டது. மாவட்டத்துக்கான ‘டாயெரா’வில் கள்ளக்குறிச்சி. இந்தியா எங்குமே இல்லை. சிறிய பிழை.

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து தாமரை இதை எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். ‘சிறிய’ என்பதை அடித்தாள். அதற்குப் பதிலாக எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியவில்லை. வெறுமனே விட்டுவிட்டாள்.

நாளுக்கு ஒரு பிழை எழுதி வரச் சொல்லியிருந்தது மகதலேனா டீச்சர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் வாரத்தில் மூன்று மாலை நடக்கும் மொழிபெயர்ப்பு வகுப்பு அது. மலாயிலிருந்து தமிழ், தமிழிலிருந்து மலாய். முடித்தால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். பகல் முழுக்கக் கிள்ளானில் ஒரு இரும்புச் சாமான் கடையில் பில் போடும் தாமரைக்கு, மல்லிகை வாசம் ஏறும் அந்தக் குறுகிய படிக்கட்டில்தான் தானும் எங்கோ போகிறோம் என்று இருக்கும். வகுப்பில் மற்றவர்கள் பிழை கிடைக்காமல் திண்டாடினார்கள். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிடைத்தன. எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் அவள் கஷ்டம்.

இன்று வகுப்பு நாள். ஆனால் ரயில் பிரிக்பீல்ட்ஸை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. வாசுவைத் தனியாக அனுப்ப முடியாது.

வாசு பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். உள்ளூர் ஆள் போலத் தெரிய வேண்டும் என்று தாமரையின் அக்கா கணவர் ரமணி மாமாவின் கால்பந்து சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். அது அவனுக்குத் தோளில் தொங்கியது.

“ஃபோனைப் பாருங்க அண்ணே. எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு வராதீங்க.”

“ஃபோன்ல சார்ஜ் இல்ல பாப்பா.”

“அணைஞ்ச ஃபோனையே பாருங்க.”

அணைந்த ஃபோனை வாசு பயபக்தியோடு பார்த்துக்கொண்டு வந்தான். ஷா ஆலாமில் சீருடை போட்ட ஒருவர் ஏறினார். வாசுவின் கட்டைவிரல் கறுத்த திரையை மேலும் கீழும் தள்ளத் தொடங்கியது. ஏறியவர் ஏதோ கட்டடத்தின் காவலாளி. நின்றுகொண்டே தூங்கினார். அதற்குப் பிறகும் கட்டைவிரல் நிற்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் முறையாகப் பெர்மிட்டில் வந்தவன்தான் வாசு. கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரன் வேலையாட்களின் பாஸ்போர்ட்டை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டான். ஒரு நாள் காலையில் போனால் கடைக்குப் பூட்டு. கடைக்காரன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே இங்கே என்று ஒளிந்து திரிந்து, கடைசியில் கிள்ளான் தாமான் செந்தோசாவில் தாமரையின் அக்கா புஷ்பவல்லி வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தான்.

புஷ்பவல்லி கடைவீதி ஓரத்தில் மாலைநேர ஒட்டுக்கடை போடுகிறாள். தோசை, அப்பம், புட்டு, நெத்திலிச் சம்பல். மாவு அரைப்பதிலிருந்து சம்பல் கிண்டுவது வரை வாசு. ஆனால் கடைக்கு அவன் வந்ததே இல்லை. இமிகிரேஷன்காரர்கள் எப்போது சோதனைக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாது. துத்தநாகத் தகடு போட்ட பின்கட்டு அடுப்படியிலேயே சமைத்து, அங்கேயே மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வான். அக்கா மட்டும் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவாள். பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து, ஒரு லொங்காங். அந்தச் சாக்கடைக்கு அப்பால் இன்னொரு வீட்டின் பின்கதவு.

“மலேசியா எப்புடிய்யா இருக்கும்னு ஊர்ல கேட்டா இன்னா சொல்றது பாப்பா?” என்று ஒருமுறை கேட்டான். “ஒரு லொங்காங், துணி காயப்போடற கம்பி, அந்தாண்ட வூட்டு நாயி. அவ்ளோதான். நாயி நல்ல நாயி.”

இந்த மாதக் கடைசிக்குள் தாமாகவே முன்வந்து அபராதம் கட்டுகிறவர்களை வழக்கில்லாமல் ஊருக்கு அனுப்புவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு ஒருமுறை பறக்க மட்டும் ஒரு காகிதம் வேண்டும். அவுட்பாஸ் என்பார்கள். அதற்கு, பாஸ்போர்ட் தொலைந்தது என்று உள்ளூர் போலீஸில் கொடுத்த ரிப்போர்ட் வேண்டும். கடையை மூட முடியாது என்று புஷ்பவல்லி சொல்லிவிட்டாள். தாமரை பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

அவள் எதையும் முறைப்படி செய்கிறவள். ரிப்போர்ட் கொடுப்பதற்கு முதல் வாரம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் எதிரில் காலிப் பால்டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க மாவட்டம் எது அண்ணே?”

“நான் வரும்போது விழுப்புரம். இப்ப கள்ளக்குறிச்சின்றாங்க.”

“வீடு மாறிட்டீங்களா?”

“நான் எங்க மாறினேன்? நானு இங்க வெங்காயம் உரிச்சிக்கினு கெடந்தேன். அது பாட்டுக்குப் பிரிஞ்சிடுச்சு. மலரு ஃபோன் பண்ணி, ‘யோவ், நாம கள்ளக்குறிச்சிக்குப் போயிட்டோம்’னா. ‘எவனைக் கேட்டுடி ஊட்ட மாத்தின’ன்னு கத்தறேன். ‘ஊடு இங்கதான்யா கெடக்கு, மாவட்டந்தான் போயிடுச்சு’ன்றா.”

மலர் அவன் மனைவி. இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளை அவன் இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை.

“சரி, தாலுகா?”

“சங்கராபுரம்.”

“கிராமம்?”

“புளியங்கரை. மேக்கால கல்வராயன் மல. மல எறங்கினா எங்க கயினி. மல்லாட்ட போடுவோம்.”

“மல்லாட்டைன்னா?”

“வேர்க்கடல. நீங்க கச்சான்றீங்களே, அது. அந்தாண்ட குச்சிக்கெயங்கு. கெயக்கால ஏரி. ஏரி ரொம்பினா ரெண்டு போகம். ரொம்பலன்னா மலேசியா.”

“ஜனத்தொகை எவ்வளவு இருக்கும்?”

வாசு கத்தியைக் கீழே வைத்தான். “யாரு எண்ணினா?”

தாமரை இணையத்தில் தேடிப் பார்த்தாள். பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் முப்பத்துநான்கு லட்சம் பேர் என்று இருந்தது. எண்ணை மறுபடி படித்தாள். பேராக் மாநிலம் முழுவதும் சேர்த்தாலே இருபத்தைந்து லட்சம்தான். கிள்ளான் ஒரு டாயெரா, சரி. பேராக்கைத் தூக்கிச் சாப்பிடும் ஒரு ஊரை எப்படி டாயெரா என்று எழுதுவது?

“அவ்வளவு பெரிசா அண்ணே?”

“பெரிசான்னா? கலெக்டருகிட்ட ஒரு மனு குடுக்கணும்னா கோயி கூவ பஸ் ஏறணும். திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிரும். எங்களுக்கு விழுப்புரமே வெளிநாடுதான்.”

அப்படிப்பட்ட கலெக்டர் நம் மாநிலத்தை ஆளும் மந்திரி புசார் மாதிரி என்று அவள் கணக்குப் போட்டாள். நெகிரிக்கு நேராக விழுப்புரம். பிரிந்து வந்த கள்ளக்குறிச்சி, டாயெரா. சங்கராபுரம் தாலுகா, அதற்கும் கீழே இருக்கும் முக்கிம். மேலே நெகாரா மட்டும் பாக்கி இருந்தது. நெகாரா, நாடு. தமிழ்நாடு. எல்லாம் படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், இளம் காவலர் வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். வெளியே வந்ததும் வாசு, “நல்லா பேசற பாப்பா, வக்கீலம்மா மாதிரி,” என்றான். அன்று முழுவதும் அவளுக்கு அது இனித்தது.

இன்று காலை அவுட்பாஸுக்காகப் போன இந்தியத் தூதரகத்தில், கவுண்டரில் இருந்த தமிழ்க்காரர் ரிப்போர்ட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏங்க, விழுப்புரம் ஸ்டேட்டுக்கு யாருங்க முதலமைச்சர்?”

அவர் சிரித்தார். பிறகு வாசுவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. இதை வச்சு ஊர்ல விசாரிக்கச் சொன்னா, எந்த ஸ்டேஷனுக்குப் போகும் சொல்லுங்க? நீங்க ஃபாரத்துல எழுதினது ஒண்ணு, ரிப்போர்ட்டு ஒண்ணுன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கற மாதிரி வாங்கிட்டு வாங்க, நான் உடனே அனுப்பறேன். நாள் கம்மியா இருக்கு, பாத்துக்கங்க.”

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதுதான் தாமரையை அதிகம் வருத்தியது.

வீட்டை அடைந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. உள்ளே நுழையும்போதே நெத்திலி பொரியும் வாசம். வாசு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பின்கட்டில் குழாயைத் திறந்து நாளைக்கான அரிசியைக் கழுவ ஆரம்பித்தான்.

“என்னாச்சு?” புஷ்பவல்லி சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரிப்போர்ட் தப்பா இருக்காம். பழசைத் திருத்த முடியாது. பாலாய்க்குப் போய் புதுசா ஒண்ணு கொடுக்கணும்.”

“யாரு தப்பு?”

“என் தப்புதான்க்கா.”

புஷ்பவல்லி இரண்டு கிளறு கிளறினாள். “நல்லதாப் போச்சு லா,” என்றாள்.

பின்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றது.

“மெதுவா பேசுக்கா.”

“ஏன் மெதுவா பேசணும்? அவனுக்குத் தெரியாததா? ஆள் தேடி எத்தனை பேரைப் பாத்துட்டேன். உள்ளூர் பையன் ரெண்டு நாள் நிப்பான், மூணாவது நாள் டெலிவரி ஓட்டப் போயிடுவான். ஒட்டுக்கடைக்குப் பெர்மிட்டுல ஆள் எடுக்க விடுவாங்களா? உன் மாமா லோரிய எடுத்துக்கிட்டு ஜொகூர் போனா வாரக் கடைசிதான் வராரு. வாசு போயிட்டா மாவு யாரு அரைப்பா? நீயா? நீ பிரிக்பீல்ட்ஸ் போயிடுவே.” கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். “கெடுவ எப்படியும் நீட்டுவாங்க. ரெண்டு மாசம் தள்ளிப் போனா நமக்கு நல்லதுதான். தெரியாம பண்ணினியோ தெரிஞ்சு பண்ணினியோ, நல்ல வேலை பண்ணினே.”

தாமரை பின்கட்டுக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. தகட்டின் மேல் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கக் கத்த வேண்டியிருந்தது. லொங்காங் தண்ணீர் விளிம்புவரை ஏறியது. எதிர்வீட்டு நாய் கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தது.

வாசு கழுவிய அரிசியை மறுபடி கழுவினான். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது.

“நாளைக்கே போயி வேற ரிப்போர்ட் கொடுத்துடலாம் அண்ணே.”

“போன தடவ வாசல்ல நின்ன போலீஸு இன்னா கேட்டாரு? ‘பாஸ்போர்ட்’டுன்னாரு. மொதல்ல அதத்தான கேட்டாரு? உள்ள எவரோ கூப்பிட்டாங்க, அந்தாண்ட போயிட்டாரு. அதான் தப்பிச்சோம். தெனம் எவராச்சும் கூப்பிடுவாங்களா?” அரிசிப் பானையை நகர்த்தி வைத்தான். பிறகு உப்பு போட்டாயா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டான்: “ஏம் பாப்பா, தெரிஞ்சேதான் சொன்னியா?”

“இல்ல” என்று வாய் திறந்தவள் அப்படியே நின்றாள்.

தமிழ்நாடு ஒரு மாநிலம் என்பது அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். போன வருஷம் வகுப்பில் அவளே அதை எழுதிக் கரும்பலகையில் போட்டிருக்கிறாள். பிறகு ஏன் நாக்கு அப்படிப் போயிற்று? ரிப்போர்ட்டுக்கு முந்தைய இரவு, வாசு போய்விட்டால் செவ்வாய், வியாழன், வெள்ளி மாலைகள் என்ன ஆகும் என்று அவள் யோசித்தது உண்மை. யோசித்துவிட்டுத் தூங்கியதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருந்ததா என்று தன்னையே துருவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

“தெரியல அண்ணே.”

மழையில் அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் ஃபோன் அடித்தது. உள்ளே வந்ததுமே சார்ஜில் போட்டிருந்தான். கை ஈரம். கண்ணால் காட்டினான். தாமரை பொத்தானை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

“இன்னாய்யா, காயிதம் குடுத்தாங்களா?” மலரின் குரல்.

“குடுப்பாங்க. நீ எங்க இருக்கற?”

“எங்க இருப்பேன், ஊட்லதான். இங்க பாரு, ஊடு ஊடா வந்து கணக்கெடுக்கப் போறாங்களாம். ஊட்டுக்கு எத்தினி பேருன்னு கேப்பாங்களாம். பக்கத்தூட்டு அக்கா, ‘வெளிநாட்ல இருக்கறவன எல்லாம் சேக்க மாட்டாங்க’ன்னுது. நீ வந்துட்டீன்னா சேத்துக்குவாங்க இல்ல? நான் இன்னா சொல்லட்டும்? மூணா, நாலா?”

வாசு தாமரையைப் பார்த்தான். அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கேட்டுச் சொல்றேன்,” என்றான் ஃபோனிடம்.

“யாரக் கேக்கணும்?”

“கேட்டுச் சொல்றேன் புள்ள. மழ, ஒண்ணும் கேக்கல.”

ஃபோன் அணைந்தது. வாசு கையை லுங்கியில் துடைத்தான். “அங்கயும் எண்ண மாட்டாங்க, இங்கயும் எண்ண மாட்டாங்க. நீயாச்சும் எண்ணிக்க பாப்பா,” என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

தாமரை உள்ளே போனாள். புஷ்பவல்லி சம்பலை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்கு நீ அவரைப் பாலாய்க்குக் கூட்டிட்டுப் போ.”

“நானா?”

“அந்தப் பாலாய் சார்ஜன் தினம் உன் கடையிலதானே தோசை சாப்பிடறாரு. ‘புஷ்பா, சம்பல் லெபே’ன்னு அதிகமா கேட்டு வாங்கறாரே. நீ இன்னைக்கே அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லு. நாளைக்கு நீ பக்கத்துல நின்னா வாசல்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் நின்னா கேப்பாங்க.”

“கடையை யாரு பாக்கறது?”

“அடுப்படி வேலைய நான் பாத்துக்கறேன். வேலைக்கு லீவு சொல்லிடறேன்.”

“நாளைக்கு ஒரு நாள் பாத்துக்குவே, சரி.” புஷ்பவல்லி மூடியை அழுத்தினாள். அது சரியாக உட்காரவில்லை. “அவன் போன பிறகு?”

மழை சட்டென்று குறைந்தது. பின்கட்டில் வாசு எதையோ நகர்த்துகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

“அப்பவும் நான்தான். வேலை முடிஞ்சு வந்து அரைப்பேன்.”

“கிளாஸ்?”

தாமரை அடைத்த டப்பாக்களை அடுக்கத் தொடங்கினாள்.

“கோவத்துல பேசாதே தாமரை.”

“கோவம் இல்ல. ஆள் கிடைக்கிற வரைக்கும்.”

“ஆள் கிடைக்கிற வரைக்கும்.” அதை அப்படியே திருப்பிச் சொன்னாள் புஷ்பவல்லி. “கல்யாணமாகி வந்த புதுசுல, அத்தைக்கு முட்டி வலின்னு, ரெண்டே மாசம்னு சொல்லித்தான் நான் அந்தத் தோசைக்கல்லு முன்னால நின்னேன். அத்தை செத்தே எட்டு வருஷம் ஆச்சு.” மூடி இப்போது உட்கார்ந்தது. “உன்னை நான் கட்டிப் போடல. நாளைக்கு வந்து, அக்காதான் என்னைக் கெடுத்தான்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லுவே. நான் சொல்றேனே, அத்தையை.” டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். “டேய் வாசு! நாளைக்குக் காலையில குளிச்சு நல்ல சட்டை போட்டுக்கோ. அந்தப் பந்து சட்டை வேணாம். திருடன் மாதிரி இருக்கே.”

வேன் கிளம்பிப் போயிற்று. தாமரை பின்கட்டுக்கு வந்து, பால்டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

“நெகாரா?” என்று கேட்டாள்.

“இந்தியா.”

“நெகிரி?”

“தமிழ்நாடு.”

“டாயெரா?”

“கள்ளக்குறிச்சி.” யோசித்தான். “அப்ப விழுப்புரம்?”

“அதை விட்டுடுங்க அண்ணே.”

“பாவம், அதுலதான பள்ளிக்கூடம் போனேன். எங்கப்பாரு சாவற வரிக்கும் தென்னாற்காடுன்னுதான் சொன்னாரு. ஒரே ஊட்ல குந்திக்கினு மூணு மாவட்டம்.” எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தான். “வெந்தயம். இது இங்கதான் இருக்கும். எல்லாத்தையும் ஞாபகமா போட்டுட்டு இதத்தான் மறப்பாங்க.”

லொங்காங்கில் தண்ணீர் வடிந்து, பிளாஸ்டிக் பைகள் தெரிய ஆரம்பித்தன. நாய் சந்தின் நடுவில் வந்து படுத்தது. தாமரை நாட்குறிப்பைத் திறந்தாள். அடித்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி அடுத்த வரியில் எழுதினாள்.

திருத்தம்: நெகாரா, இந்தியா. நெகிரி, தமிழ்நாடு. டாயெரா, கள்ளக்குறிச்சி. எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் மாவட்டம் மாவட்டம்தான்.

வியாழன், வெள்ளி வகுப்பு: டீச்சரிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

நாளை: காலையில் எழுந்ததும் மறுநாள் மாவுக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். வெந்தயம் மறக்கக் கூடாது.